பத்தொன்பது வரை எண்ணியது

தண்டர் பேயில், மைனஸ் முப்பத்து நான்கில்,
காலை ஆறேகாலுக்கு
எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி:
இன்றைக்குப் பள்ளிப் பேருந்து வருமா?

பதில் ஒரு பக்கத்தில் இருக்கிறது.
பக்கம் ஒரு சர்வரில் இருக்கிறது.
சர்வர் போன ஜனவரியில்
ஆறு இருபதுக்குப் படுத்துவிட்டது.
அன்று நான் தொலைபேசி மேசையில்.
இருநூற்று அறுபது அழைப்பு, பாதி வசவு.
அதனாலோ என்னவோ
இந்த வருஷம் சோதிக்கிற வேலையை
என் தலையில் கட்டினார்கள்.

வேலை செய்கிறதென்றுதான் பார்த்தாகிவிட்டதே,
இன்னும் என்ன பார்க்க?
எனக்கும் அப்படித்தான் இருந்தது.
ஒருத்தி தட்டினால் திறக்கிற கதவு
ஆறாயிரம் பேர் சேர்ந்து தட்டினால் திறக்குமா?
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

தேவைப் பட்டியலில் இருந்தது ஒரே வரி:
'பக்கம் வேகமாக இருக்க வேண்டும்.'
எவ்வளவு வேகம், எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில்?
கேட்டவர்களெல்லாம் தோளைக் குலுக்கினார்கள்.

ஞாயிறு இரவு
பொய் மனிதர்களைச் செய்தேன்.
முகம் இல்லை, பிள்ளை இல்லை, குளிர் இல்லை.
பக்கத்தைத் திற, தடத்தின் எண்ணைத் தேடு, படி, மூடு.
மூச்சுவிடாமல் ஓடவிட்டேன்.
தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் லேத்தினென்
எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
'யாரும் இப்படித் தட்டமாட்டார்கள்.
நடுவில் காப்பி குடிப்பார்கள்.'
சரிதான்.
ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே
ஏழெட்டு விநாடி யோசிக்கக் கொடுத்தேன்.

ஐம்பது பேர். நூறு. கோடு தரையோடு படுத்திருந்தது.
ஆயிரத்தில் கொஞ்சம் தலை தூக்கியது.
மூவாயிரத்து இருநூறில் எழுந்து உட்கார்ந்தது.
ஆறாயிரம்.
விழவில்லை.
சராசரி ஒன்றரை விநாடி என்றது அறிக்கை.
லேத்தினென் கோட்டை மாட்டிக்கொண்டான்.

நான் மாட்டவில்லை.
ஒருவன் விருந்துண்டு ஒருவன் பட்டினி கிடந்தால்
சராசரியில் இருவருக்கும் அரை வயிறு.
காத்திருந்த நேரங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக
வரிசையில் நிறுத்தி,
நூற்றில் தொண்ணூற்றைந்தாவது ஆளைக் கூப்பிட்டேன்.
பத்தொன்பது விநாடி.

நாற்காலியில் பத்தொன்பது ஒன்றுமேயில்லை,
இரண்டு கொட்டாவி.
மறுநாள் காலை ஆர்தர் தெரு நிறுத்தத்தில்
கையுறையைக் கழற்றி
போனைப் பிடித்தபடி எண்ணினேன்.
ஏழில் விரல் நுனி எரிந்தது.
பதினொன்றில் காற்று எலும்புக்குள் வந்தது.
பதினாறில் திரைக்கு
என் விரலை அடையாளம் தெரியவில்லை.
பக்கத்தில் நின்ற பையன்
'யார் ஒளிஞ்சிருக்காங்க?' என்று கேட்டான்.

அன்று மாலை கழுத்தைத் தேடினோம்.
புட்டி எவ்வளவு பெரிதானாலும்
ஊற்றுவது கழுத்தின் அளவுதான்.
அகப்பட்டது: ஒரே பதிலை
ஆறாயிரம் பேருக்கு ஆறாயிரம் தடவை
தரவுத்தளம் வரை நடந்துபோய்க் கேட்டுவந்தது நிரல்.
வாசலில் ஒரே நேரம் இருபது பேர்தான் நுழையலாம்.
இப்போது ஒரு தடவை கேட்டு
ஒரு நிமிடம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.
ஒன்றை மட்டும் மாற்று, மறுபடி ஓட்டு, மறுபடி அள.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவருக்கு
இந்த வேலை தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு முழு இரவு, மெதுவாக ஓடவிட்டோம்.
விடியும்போது நினைவகம் வீங்கியிருந்தது.
வாங்கியதைத் திருப்பித் தராத
ஒரு சின்ன வரி.
அதற்கு இன்னும் இரண்டு நாள் போனது.

பட்டியலின் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
'காலை ஆறேகாலுக்கு, ஆறாயிரம் பேர் வந்தாலும்,
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு
இரண்டு விநாடிக்குள்.'
லேத்தினென் படித்தான்.
'மீதி ஐந்து பேர்?'

நூற்றுக்கு ஐந்தென்றால் முந்நூறு வீடு.
ஏரிக்கரைச் சாலையோரம்,
ஒற்றைக் கோடு சிக்னலில்,
ஜன்னலருகே போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள்.
அடுத்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ஒன்றும் எழுதவில்லை.
கர்சர் மினுக்குகிறது.
எண்ணிப் பார்த்தேன்:
விநாடிக்கு ஒரு தடவை.